கோலார் தங்கவயல் முதல் பொட்டிப்புரம் வரை: இந்திய நியூட்ரினோ ஆய்வின் இடவரலாறு

ஆய்வுச்சுருக்கம்

வளிமண்டல நியூட்ரினோக்களைக் கண்டறிந்த முதல் ஆய்வுகளுள் ஒன்று 1965-இல் கோலார் தங்கவயலின் சுரங்கத்தில் நிகழ்ந்தது. இந்தியா, ஜப்பான், பிரிட்டன் ஆகிய மூன்று நாட்டு அறிவியலாளர்கள் அதில் பங்குகொண்டனர். அதன் தொடர்ச்சியாக முன்மொழியப்பட்ட இந்திய நியூட்ரினோ ஆய்வகம் நீலகிரியின் சிங்காராவில் தடைபட்டு, தேனி மாவட்டப் பொட்டிப்புரத்தில் வழக்குகளுக்குள் நின்றுவிட்டது. இவ்விரு நிகழ்வுகளும் இதுவரை அறிவியல் சாதனை வரலாறாகவோ சூழலியல் எதிர்ப்பு வரலாறாகவோ தனித்தனியே எழுதப்பட்டுள்ளன. இக்கட்டுரை அவற்றை இடங்களின் வரலாறாக இணைத்து வாசிக்கிறது. கோலாரில் இயற்பியலுக்குக் கிடைத்த ஆழம் வேறொரு நோக்கத்துக்காகத் தமிழ்த் தொழிலாளர்களால் ஏற்கெனவே தோண்டப்பட்டிருந்தது. அதனால் அங்கு எழாத இசைவுக் கேள்வி, ஆய்வுக்கென்றே மலையைக் குடையவேண்டிய பொட்டிப்புரத்தில் முதல் கேள்வியாயிற்று என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: நியூட்ரினோ, கோலார் தங்கவயல், சுரங்கத் தொழிலாளர், சிங்காரா, பொட்டிப்புரம், புறம்போக்கு, அறிவியல் வரலாறு

முன்னுரை

இந்திய நியூட்ரினோ ஆய்வகத்தை ஆதரித்து வெளியான அறிமுக நூல்களும் அறிக்கைகளும் பெரும்பாலும் கோலாரிலிருந்தே தொடங்குகின்றன. 1965-இல் உலகின் முன்வரிசையில் நின்ற நாடு, சுரங்கம் மூடப்பட்டதால் இழந்த இடத்தை மீட்க விரும்புகிறது என்பது அவற்றின் கதைப்போக்கு. திட்டத்தை எதிர்த்து எழுதப்பட்ட தமிழ்ப் பிரசுரங்களில் கோலார் அரிதாகவே தலைகாட்டுகிறது. நியூட்ரினோ அங்கு வெளியிலிருந்து வந்த பொருளாக, தில்லியும் அயல்நாடுகளும் தேனியின்மேல் இறக்கும் சுமையாகத் தோன்றுகிறது. இரண்டு கதைகளிலும் விடுபட்டுப்போவது ஒன்றே. கோலாரின் ஆழத்தை உண்டாக்கியவர்கள் யார், அவர்கள் எந்நிலையில் அதை உண்டாக்கினர் என்பது இரு தரப்பாலும் பேசப்படவில்லை.

தங்கவயல் தமிழாய்வுக்குப் புதிய களமன்று. அயோத்திதாசப் பண்டிதர் குறித்த ஆய்வுகள் பெருகிய பின்னர் மாரிக்குப்பமும் சாம்பியன் ரீஃப்பும் தமிழ் அச்சுப் பண்பாட்டு வரலாற்றில் நிலைபெற்ற பெயர்களாகிவிட்டன. ஆயினும் அதே சாம்பியன் ரீஃப் துகள் இயற்பியல் வரலாற்றிலும் நிலைபெற்ற பெயர் என்பது இவ்வாய்வுகளில் கவனம் பெறவில்லை. இயற்பியலாளர்களின் நினைவுக் குறிப்புகளில் அச்சகம் இல்லை. அச்சக வரலாற்றில் இயற்பியல் இல்லை. தரைக்கு மேலும் கீழுமாக இருந்த ஒரே ஊர் இரண்டு துறைகளில் இரண்டு ஊர்களாகப் பிரிந்து கிடக்கிறது.

ஆழம் ஏன் தேவைப்பட்டது

நியூட்ரினோ என்னும் துகளை 1930-இல் ஊகமாக முன்வைத்தவர் வுல்ஃப்காங் பவுலி. மின்னூட்டமற்றதும் மிகமிக இலேசானதுமான அத்துகள் பிற பொருள்களோடு ஏறத்தாழ உறவே கொள்வதில்லை. கதிரவனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் மட்டுமே நொடிக்கு ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பை ஆறாயிரம் கோடி என்னும் அளவில் கடந்து செல்கின்றன. உடலையும் மலையையும் பூமியையும் ஊடுருவிச் செல்லும் அவற்றுள் மிகச் சிலவே எங்கேனும் ஓர் அணுக்கருவில் மோதித் தடம் விடுகின்றன. 1956-இல் பிரெடரிக் ரைன்ஸும் கிளைட் கோவனும் அணு உலையிலிருந்து வெளிப்பட்ட நியூட்ரினோக்களைக் கண்டறிந்து பவுலியின் ஊகத்தை உறுதிசெய்தனர்.

இயற்கையில் உண்டாகும் நியூட்ரினோக்களைக் கண்டறிதல் அதைவிடக் கடினம். அண்டக்கதிர்கள் வளிமண்டலத்தின் மேலடுக்குகளில் மோதும்போது மியூவான்களும் நியூட்ரினோக்களும் சேர்ந்தே பிறக்கின்றன. தரைமட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் வந்து விழுகிறது. அந்த மழைக்கு நடுவில் நியூட்ரினோவின் அரிய தடத்தைப் பிரித்தறிய முடியாது. மியூவான்களைத் தடுக்கப் பாறை வேண்டும். பாறையை ஊடுருவிவரும் நியூட்ரினோவுக்கோ பாறை ஒரு பொருட்டன்று. நிலத்தடியில் இவ்வாறு வளிமண்டல நியூட்ரினோக்களைத் தேடலாம் என்ற கருத்தை 1960-ஐ ஒட்டிச் சோவியத் ஒன்றியத்தில் மார்க்கோவும் அமெரிக்காவில் கிரெய்சனும் முன்வைத்தனர். அதற்குரிய ஆழம் அன்று உலகில் மிகச் சில இடங்களிலேயே இருந்தது. அவ்விடங்கள் யாவும் சுரங்கங்கள்.

தங்கவயலின் ஆழம்

கோலார் தங்கவயலில் நவீன முறையில் தங்கம் எடுக்கும் பணியை ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் 1880-களில் முழுவீச்சில் தொடங்கியது. 1902-இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. மைசூர் அரசின் ஆட்சிப்பரப்பில் இருந்தபோதிலும் சுரங்கத்துள் இறங்கி உழைத்தவர்களுள் பெரும்பான்மையினர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள். அவர்களுள்ளும் ஒடுக்கப்பட்ட சாதியினரே மிகுதி. கிராமத்தில் நிலமற்ற பண்ணையாளாக வாழ்வதைவிடச் சுரங்கக் கூலி மேலானதாகத் தோன்றிய சமூகப் பின்னணியை இங்கு நினைவில் கொள்ளவேண்டும். கம்பெனி கட்டிய கூலி லைன்களில் அவர்கள் குடியமர்ந்தனர்.

இம்மக்கள் வெறும் உழைப்புப் படையாக இருக்கவில்லை. 1907-இல் சென்னையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசருக்குத் தங்கவயல் வலுவான தளமாக விளங்கியது. மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை இயங்கியது. அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை அவருடைய நூல்களைத் தொடர்ந்து அச்சிட்டது. 1914-இல் அவர் மறைந்த பின்னரும் 1926 முதல் ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக இருந்து ‘தமிழன்’ இதழைத் தங்கவயலிலிருந்து வெளிக்கொணர்ந்தார். 1930-இல் தொழிலாளர்களைக் கைரேகையுடன் பதிவுசெய்யும் முறையைப் புகுத்த முற்பட்டபோது பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. தம் உடலின்மேல் நிறுவனம் கொள்ளும் உரிமைக்கு எல்லை உண்டு என்பதை இவ்வெழுச்சி அறிவித்தது. தங்கவயல் தொழிலாளர்க்கு இசைவு என்னும் கருத்து அந்நியமானதன்று என்பதற்காகவே இதனை இங்குச் சுட்ட நேர்கிறது.

தங்கத்தின் அளவு குறையக் குறையச் சுரங்கம் ஆழமாகிக்கொண்டே சென்றது. சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. அடித்தளங்களில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைக் கடந்தது. அழுத்தம் தாளாமல் பாறை வெடித்துச் சிதறும் விபத்துகள் அவ்வயலுக்கே உரிய கொடுமையாக அறியப்பட்டன. துளையிடும்போது எழும் சிலிக்காத் தூள் நுரையீரலில் படிவதால் வரும் சிலிகோசிஸ் நோய் பரவலாக இருந்தது. 1940-களில் அங்கு நடத்தப்பட்ட மருத்துவ ஆய்வு, பரிசோதிக்கப்பட்டவர்களுள் நாற்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரிடம் அந்நோய் இருந்ததைக் கண்டது. இந்தியத் தொழில்சார் நோய்களின் வரலாற்றில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் ஆய்வு அது. இயற்பியலாளர்கள் மீட்டரில் எழுதிய ஆழம் வேறு ஓர் ஏட்டில் இவ்வாறு பதிவாகியிருந்தது.

1965

டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹோமி பாபா, அண்டக்கதிர் ஆய்வுக்குத் தங்கவயலைப் பயன்படுத்தலாம் எனக் கருதினார். அவருடைய தூண்டுதலால் பி.வி. ஸ்ரீகண்டன் 1950-களின் தொடக்கத்தில் கருவிகளுடன் சுரங்கத்துள் இறங்கி, ஆழம் கூடக்கூட மியூவான்கள் எவ்வாறு குறைகின்றன என்பதை அளந்தார். 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானியரான மியாகேயும் பி.வி. ரமணமூர்த்தி, வி.எஸ். நரசிம்மம் ஆகியோரும் இன்னும் கீழே சென்று அளந்தனர். மிக ஆழமான இடத்தில் இரு மாத அளவுக்குக் காத்திருந்தும் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. சாதாரணச் சோதனையில் இது தோல்வி எனப்படும். இங்கோ இவ்வெறுமையே தேடிய பயன். நியூட்ரினோவைத் தேடுவதற்குரிய அமைதி அங்கு இருந்தது.

1956-இல் மைசூர் அரசால் நாட்டுடைமையாக்கப்பட்ட சுரங்கங்கள் 1962-இல் மைய அரசின் பொறுப்புக்கு மாறியிருந்தன. ஆய்வு நிறுவனமும் மைய அரசின் அணுசக்தித் துறை சார்ந்தது. சுரங்கத்தில் இடம்பெறுதல் ஒரே அரசின் இரு உறுப்புகளுக்கிடையிலான ஏற்பாடாக அமைந்தமை இதனால் விளங்கும். டாடா நிறுவனம், ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் இணைந்து சாம்பியன் ரீஃப்பின் ஹீத்கோட் சாஃப்ட் வழியே அடையத்தக்க, தரையிலிருந்து ஏறத்தாழ 2,300 மீட்டர் கீழுள்ள இடத்தில் கருவிகளை நிறுவின.

கருவியின் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. அவ்வளவு ஆழத்துக்கும் தப்பி வரும் மிகச் சில மியூவான்கள் மேலிருந்து ஏறத்தாழச் செங்குத்தாகவே வரமுடியும்; கிடைமட்டமாக வரவேண்டுமானால் அவை கடக்கவேண்டிய பாறையின் தொலைவு பன்மடங்காகிவிடும். ஆகவே கிடைமட்டத்தை ஒட்டி ஒரு மியூவான் வந்தால், அது அருகிலுள்ள பாறையில் ஒரு நியூட்ரினோ மோதியதால் பிறந்ததாகவே இருக்கவேண்டும். இதற்காக, துகள் பாயும்போது ஒளிரும் நெகிழித் தகடுகளைச் சுவர்போல் எதிரெதிரே நிறுத்தி, இடையில் துகளின் பாதையைக் காட்டும் நியான் குழாய்களை அடுக்கினர்.

கண்டுபிடிப்பை அறிவித்த கட்டுரை 1965 ஆகஸ்ட் 15 நாளிட்ட ‘பிசிக்ஸ் லெட்டர்ஸ்’ இதழில் வெளிவந்தது. ஆச்சார், எம்.ஜி.கே. மேனன், நரசிம்மம், ரமணமூர்த்தி, ஸ்ரீகண்டன், ஹினோதானி, மியாகே, கிரீட், ஆஸ்போர்ன், பாட்டிசன், வுல்ஃபென்டேல் என ஆசிரியர் பதினொருவர். தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் ராண்ட் தங்கச் சுரங்கத்தில் இதே தேடலை மேற்கொண்டிருந்த ரைன்ஸ் குழுவினரின் கட்டுரை இரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 30-இல், ‘பிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழில் வந்தது. ஆனால் அவர்களுடைய முதல் நிகழ்வு அவ்வாண்டு பிப்ரவரி 23-லேயே பதிவாகியிருந்தது. முதலில் கண்டவர் யார், முதலில் வெளியிட்டவர் யார் என்ற வினாவுக்கு இரண்டு விடைகள் உள்ளன. இந்தியாவில் எழுதப்படும் கட்டுரைகள் பல இரண்டாம் விடையை மட்டும் கூறி ‘முதல்’ என்ற சொல்லைத் தமதாக்கிக்கொள்கின்றன. வரலாற்றெழுத்தில் இச்சிறு சாய்வு தவிர்க்கத்தக்கது.

முந்துரிமைப் போட்டியைவிட இரண்டு சுரங்கங்களுக்கும் இடையிலான ஒற்றுமை கூடுதல் கவனத்துக்குரியது. ஈஸ்ட் ராண்டின் ஆழத்தை நிறவெறி ஆட்சியின்கீழ்க் கறுப்பினத் தொழிலாளர்கள் தோண்டினர். தங்கவயலின் ஆழத்தைக் குடியேற்ற ஆட்சிக் காலத்தில் தமிழ் ஒடுக்கப்பட்ட மக்கள் தோண்டினர். இரண்டிடத்திலும் அவர்கள் தோண்டியது தங்கத்துக்காக. இயற்பியலுக்கு அதன் மிச்சம் கிடைத்தது. அறிவியலாளர்கள் இச்சுரண்டலை உண்டாக்கியவர்கள் அல்லர். ஆனால் மலையைக் குடைவதன் விலையை அவர்கள் தனியே கணக்கிடவேண்டிய தேவையும் எழவில்லை, ஏனெனில் அவ்விலை முன்னரே வேறு மக்களால் செலுத்தப்பட்டிருந்தது. இக்கணக்கே பின்னாளில் பொட்டிப்புரத்தில் திரும்பி வந்தது.

மூடப்பட்ட சுரங்கம்

நியூட்ரினோ ஆய்வு 1960-களின் இறுதிவரை நடைபெற்றது. 1975-இல் ‘கோலார் நிகழ்வுகள்’ என்ற பெயரில் விளக்கவியலாத சில தடங்கள் வெளியிடப்பட்டுப் பரபரப்பை உண்டாக்கின. பிற ஆய்வகங்களில் அவை உறுதிப்படவில்லை. 1980-இல் புரோட்டான் சிதைவைத் தேடி 140 டன் கருவியொன்று 2,300 மீட்டர் ஆழத்திலும், பின்னர் 260 டன் கருவி 2,000 மீட்டர் ஆழத்திலும் நிறுவப்பட்டன. 1990-களின் தொடக்கத்தோடு ஆய்வுகள் முடிவுற்றன. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. நீரிறைப்பு நின்றதும் சுரங்கங்கள் நீரில் மூழ்கின.

ஜப்பானின் கமியோகாவை இங்கு ஒப்பிடுதல் பொருந்தும். அதுவும் ஒரு பழைய சுரங்கம். அதன் காட்மியக் கழிவு ஜின்சு ஆற்றில் கலந்து ‘இத்தாய் இத்தாய்’ நோயை விளைத்தது, ஜப்பானியச் சூழல் வரலாற்றின் மிகப் பெரிய அவலங்களுள் ஒன்று. அம்மலையினுள் 1996 முதல் இயங்கும் 50,000 டன் நீர்த்தொட்டியான சூப்பர் கமியோகாண்டே 1998-இல் நியூட்ரினோக்கள் ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாறுகின்றன, எனவே அவற்றுக்கு நிறை உண்டு என்பதை வெளிப்படுத்தியது. தகாகி கஜிதாவுக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. அங்கும் தாது எடுப்பு நின்றது, ஆய்வகம் நிற்கவில்லை. தங்கவயலில் சுரங்கம் இறந்தபோது அதன் ஆழமும் உடன் இறந்தது. ஊரின் நடுவில் எஞ்சியவை, உள்ளூரார் சயனைடு மேடு என அழைக்கும் கழிவுக் குன்றுகள். மூன்று கோடி டன்னுக்கு மேல் மதிப்பிடப்படும் அரைத்த மண். சுரங்கக் குடும்பங்களின் அடுத்த தலைமுறையினர் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர்.

சிங்காரா

கமியோகா முடிவு வெளிவந்த சூழலில் இந்தியாவில் மீண்டும் ஓர் ஆய்வகம் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி. ராஜசேகரன் இதனை இடைவிடாது வலியுறுத்தியவர்களுள் ஒருவர். 2002-இல் ஏழு நிறுவனங்கள் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. டாடா நிறுவனத்தின் நாபா மண்டல் திட்டத்தை வழிநடத்தினார். 50,000 டன் காந்தமேற்றிய இரும்புத் தகடுகளை அடுக்கி, இடையிடையே ஏறத்தாழ முப்பதாயிரம் உணர்கருவிகளைச் செருகும் அமைப்பு வகுக்கப்பட்டது. காந்தப்புலம் மியூவானின் மின்னூட்டத்தைப் பிரித்துக் காட்டும். அதன்வழி நியூட்ரினோவையும் எதிர்நியூட்ரினோவையும் தனித்தனியே அறிந்து, மூவகை நியூட்ரினோக்களின் நிறைவரிசையைக் கண்டறியலாம் என்பது நோக்கம்.

மேற்கு வங்கத்தின் ராம்மாமும் நீலகிரியின் சிங்காராவும் ஆராயப்பட்டுச் சிங்காரா தேர்வுபெற்றது. அங்கு பைக்காரா இறுதிநிலை நீர்மின் திட்டத்தின் நிலத்தடி மின்நிலையம் முன்பே குடையப்பட்டிருந்ததால் பாறையின் இயல்பு அறியப்பட்டிருந்தது. சாலையும் மின்சாரமும் இருந்தன. ஏற்கெனவே திறக்கப்பட்ட மலையை நாடும் கோலார் வழக்கம் இத்தேர்விலும் தொடர்ந்தது எனலாம். ஆனால் சிங்காரா முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியது, யானைகளின் வழித்தடம். 2009 நவம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அனுமதி மறுத்துத் தேனி மாவட்டத்தின் சுருளியாற்றை மாற்றாகப் பரிந்துரைத்தார். சுருளியாறும் அடர்காட்டுப் பகுதியென விலக்கப்பட்டது. இறுதியில் போடி மேற்கு மலையின் அடிவாரமான பொட்டிப்புரம் எஞ்சியது.

பொட்டிப்புரம்: பாறையும் புறம்போக்கும்

உத்தமபாளையம் வட்டத்தில் தேவாரத்துக்கு அருகிலுள்ள பொட்டிப்புரம் ஊராட்சியின் மேற்கெல்லையில் நிற்பது அம்பரப்பர் மலை. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளச் சுரங்கப் பாதை அமைத்து, எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டர் பாறை சூழ்ந்த குகையில் கருவியை வைப்பது திட்டம். அவ்வளவு பாறை அண்டக்கதிர் மியூவான்களைப் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். மலையின் கல் சார்னோகைட் வகை. கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல், சென்னையை அடுத்த பல்லாவரத்துப் பாறையால் ஆனது. அக்கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து கல்லறைக்குரியவரின் பெயரையே பாறைக்கு இட்டார். தமிழ்நாட்டு மலைகளின் கல் கொல்கத்தாவின் கல்லறை வழியே பெயர் பெற்ற இவ்வரலாறு திட்டத்தோடு தொடர்பற்றதாயினும், இடத்தைப் புவியியலாளர் காணும் கண்ணுக்கு ஒரு சான்று. உறுதி, ஒருபடித்தான தன்மை, விரிசலின்மை ஆகியவற்றால் இக்கல் நிலத்தடி குகைக்கு மிகப் பொருத்தமானது என்பதில் அறிவியலாளர்களிடையே கருத்து வேறுபாடில்லை.

மலையடிவாரத்தில் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட 26.825 ஹெக்டேர் நிலம் வருவாய்த்துறைக் கணக்கில் புறம்போக்கு. தனியார் நிலம் கையகப்படுத்தப்படவில்லை, எவரும் இடம்பெயரவில்லை என்று திட்டத்தினர் கூறியது ஆவணப்படி சரியே. எனினும் புறம்போக்கு என்ற சொல் நில ஆவணத்தில் ஒரு பொருளும் ஊர் வழக்கில் மற்றொரு பொருளும் உடையது. ஆவணத்தில் அது வரிவிதிப்புக்கு அப்பாற்பட்ட நிலம். ஊரார்க்கு அது ஆடுமாடு மேயும் இடம், விறகு எடுக்கும் இடம், மலைக்கு ஏறும் பாதை. தேனிப் பகுதியின் மலைமாடுகள் காட்டு மேய்ச்சலையே நம்பி வளர்க்கப்படுபவை. அம்பரப்பர் மலை வழிபாட்டுக்கும் உரியது. இவ்வுரிமைகள் எதுவும் பட்டாவாக எழுதப்படாதவை. அதனால் இழப்பீட்டுக் கணக்கில் ஏறாதவை. கோலாரில் இத்தகைய கேள்வி கம்பெனி நிலத்தை எடுத்த 1880-களிலேயே முடிந்துபோயிருந்தது. பொட்டிப்புரத்தில் அது 2010-க்குப் பின், கிராமசபையும் தகவல் உரிமைச் சட்டமும் பசுமைத் தீர்ப்பாயமும் உள்ள காலத்தில் எழுந்தது.

‘நியூட்ரினோ’ என்ற சொல்

2011-இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. 2015 ஜனவரியில் ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய் செலவில் மைய அமைச்சரவை ஒப்புதல் அளித்ததும் எதிர்ப்பு மாநிலம் தழுவியதாயிற்று. இக்காலத்தில் தமிழ்ப் பொதுவெளியில் ‘நியூட்ரினோ’ என்ற சொல்லின் பொருள் பெயர்ந்தமை சொல்லாய்வு நோக்கில் குறிப்பிடத்தக்கது. மேடையிலும் சுவரொட்டியிலும் அது துகளைக் குறிக்கவில்லை, திட்டத்தைக் குறித்தது. ‘நியூட்ரினோ வந்தால்’ என்ற தொடர் அரசியல் வழக்கில் பொருளுடையது, இயற்பியலில் பொருளற்றது. நியூட்ரினோ எப்போதும் வந்துகொண்டேதான் இருக்கிறது. இப்பெயர்ச்சியை அறியாமை என்று ஒதுக்கிய அறிவியலாளர்கள், மக்கள் பேசுவது துகளைப் பற்றியே என எடுத்துக்கொண்டு துகளின் தீங்கின்மையை விளக்கிக்கொண்டிருந்தனர். கேட்கப்பட்டதோ மலையைப் பற்றியும் நீரைப் பற்றியும்.

எதிர்ப்பின் வாதங்கள் அனைத்தும் ஒரே தரத்தன அல்ல. நியூட்ரினோவால் கதிர்வீச்சு பரவும் என்ற அச்சத்துக்கு அறிவியல் அடிப்படை இல்லை. குகை அணுக்கழிவுக் கிடங்காகும் என்ற ஐயத்துக்குத் திட்ட ஆவணங்களில் சான்றில்லை. ஆயினும் நிதி அளிப்பது அணுசக்தித் துறை என்பதும், கூடங்குளப் போராட்டத்தின் நினைவு ஆறாதிருந்ததும் அவ்வையத்துக்கு இடம் கொடுத்தன. பாறை வெடிப்பால் முல்லைப் பெரியாறு, இடுக்கி அணைகளுக்கு ஊறு நேருமா என்ற வினா பொறியியல் மதிப்பீட்டால் விடை காணத்தக்கது. நீர்ப்பிடிப்பு, காட்டுயிர் வழித்தடம், வெட்டியெடுத்த கல்லைக் குவிக்கும் இடம் ஆகியவை பற்றிய வினாக்கள் முற்றிலும் நியாயமானவை. இவற்றை ஒரே மூட்டையாகக் கட்டி ‘அறிவியல் எதிர்ப்பு’ எனப் பெயரிட்டமை திட்டத்துக்கே தீங்காக முடிந்தது.

தீர்ப்பாயங்களில்

வைகோ தொடுத்த வழக்கில் 2015 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதலின்றிப் பணி தொடங்கக் கூடாது என இடைக்காலத் தடை விதித்தது. பூவுலகின் நண்பர்கள் அமைப்பு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடியது. 2017 மார்ச் 20-இல் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2011-ஆம் ஆண்டு அனுமதியை நிறுத்திவைத்தது. தாக்க மதிப்பீட்டைச் செய்த நிறுவனம் அதற்குரிய அங்கீகாரம் பெற்றிராமையும், கேரளத்தின் மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருந்தமையும் காரணங்கள். தடை துகளால் வரவில்லை, மலையால்கூட வரவில்லை. நடைமுறைப் பிழையால் வந்தது.

அமைச்சகம் 2018 மார்ச்சில், தேசிய முக்கியத்துவம் கருதிச் சிறப்பு நேர்வாக, கட்டுமானத் திட்டங்களுக்குரிய பிரிவின்கீழ் மீண்டும் அனுமதி அளித்தது. சுரங்கப்பாதை வெட்டும் பணியைக் கட்டடப் பணியாகக் கருதும் இவ்வகைப்பாடு பொதுமக்கள் கருத்துக்கேட்பைத் தேவையற்றதாக்கியது. திட்டத்தின் வரலாற்றில் மிகவும் தவறான முடிவு இதுவெனலாம். ஐயமுற்ற மக்களிடம் பேசவேண்டிய வாய்ப்பைச் சட்டத்தின் ஒரு துணைப்பிரிவு விழுங்கிவிட்டது. அவ்வாண்டு நவம்பரில் தீர்ப்பாயம் அனுமதியை நிலைநிறுத்தியபோதும் தேசியக் காட்டுயிர் வாரியத்தின் ஒப்புதல் தேவை என்றது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அங்கு அளித்த பிரமாணப் பத்திரத்தில், மதிகெட்டான், பெரியாறு காடுகளை இணைக்கும் புலிகளின் வழித்தடத்தைச் சுட்டித் திட்டத்தை எதிர்த்தது.

இதற்கிடையில் நிறைவரிசைக் கேள்வி மற்றவர்க்காகக் காத்திருக்கவில்லை. சீனாவின் குவாங்துங் மாகாணத்தில் 700 மீட்டர் நிலத்தடியில் 20,000 டன் ஒளிர்திரவத்தைக் கொண்ட ஜூனோ ஆய்வகம் 2025 ஆகஸ்டில் தரவு திரட்டத் தொடங்கியது.

பொட்டிப்புரத்துக்கெனப் பயிற்சி பெற்ற மாணவர்களின் ஆய்வேடுகளும் உருவாக்கப்பட்ட உணர்கருவிகளும் மதுரையை அடுத்த வடபழஞ்சியிலுள்ள மையத்தில் பயன்பட்டுள்ளன. அங்கு 2018 முதல் 85 டன் எடையுள்ள சிறு மாதிரிக் கருவி இயக்கப்பட்டது. அதற்கு மேலே மலை இல்லை. தரைமட்டத்தில் நிற்பதால் அதில் பதிவானவை ஏறத்தாழ முழுவதும் அண்டக்கதிர் மியூவான்கள், எழுபதாண்டுகளுக்கு முன் ஸ்ரீகண்டன் சாம்பியன் ரீஃப்பின் ஆழத்துக்குக் கருவியை எடுத்துச் சென்று அளந்த அதே துகள்கள்.